பின்னட்டையைப் புரட்ட முடியாதவருக்கு நாலு வரி

நேத்து ராத்திரி போன்ல, "ஒரு புத்தகத்தைப் பத்தி நாலு வரி எழுதறதுக்கு இவ்வளவு யோசனையாக்கா?"ன்னு கேட்டியே. போன்ல சொன்னா காத்தோட போயிடும்னு உட்கார்ந்து எழுதறேன். ஆவடியில உங்க டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல, பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு மத்தியானம் ரெண்டு மணி நேரம் கையில வெச்சிருக்கிறவங்க உன்னை மாதிரி நாலு பேராவது இருப்பாங்க. அவங்ககிட்டயும் காட்டு.

முதல்ல நான் அசடு வழிஞ்ச கதையைச் சொல்லிடறேன். இந்தத் தன்னார்வ வேலைக்கு வந்த புதுசு. இணைய நூலகத்துல ஏத்தறதுக்கு ஒரு பழைய நாவலுக்குப் புரூஃப் பார்த்து, சுருக்கமும் எழுதிக் கொடுத்தேன். பூந்தமல்லியில படிச்சு முடிச்சு காலேஜ் போயிட்டிருந்த ஒரு பையன். கண்பார்வை இல்லை. அவன் அதைப் போன்ல ஓடவிட்டுக் கேட்டான். அந்தப் போன் படிச்ச வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தை பிடிபடல. அவன் சாவகாசமா தலையாட்டிட்டுக் கேட்டான். கேட்டு முடிச்சுட்டு, "அக்கா, நல்ல புத்தகம், நல்ல புத்தகம்னே சொல்லுது. என்ன புத்தகம்னு சொல்லலையே"ன்னான். நடுவுல அலங்காரத்துக்கு நான் ஒரு வரிசை நட்சத்திரம் வேற போட்டிருந்தேன். போன் அதை "ஸ்டார், ஸ்டார், ஸ்டார்"னு ஒண்ணு விடாம எண்ணிச்சு. பையன் சிரிச்சான். எனக்கு அம்பத்தூர் ஏரியில விழுந்துடலாமான்னு இருந்துது.

அன்னிக்குப் புரிஞ்சுது. நீயும் நானும் கடையில ஒரு புத்தகத்தை எடுத்தா பின்னட்டையைத் திருப்பறோம், நடுவுல ரெண்டு பக்கம் மேயறோம், பொருளடக்கத்தைப் பார்க்கறோம். ஒரு நிமிஷத்துல வேணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுடுது. இணைய நூலகத்துல, அதுவும் காதால படிக்கிறவங்களுக்கு, அந்த ஒரு நிமிஷத்தை நாம எழுதற சுருக்கம்தான் கொடுக்கணும். விளம்பரம், விமர்சனம், பரீட்சைப் பதில் எதுவும் அங்க வேண்டாம். எடுக்கலாமா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ண நாலு வரி போதும்.

யாருக்காக இந்த வேலைன்னு தெரிஞ்சுக்க நீ தூரம் போக வேண்டாம். நம்ம பூந்தமல்லியிலயே பார்வையில்லாத பிள்ளைங்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கு. டேராடூன்ல தலைமையிடம் இருக்கிற, பார்வையில்லாதவங்களுக்கான தேசிய நிறுவனத்தோட மண்டல மையமும் அங்கேதான். 2012-ல பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, அச்சைப் படிக்க முடியாதவங்களுக்காகப் புத்தகத்தை அவங்க படிக்கிற வடிவத்துக்கு மாத்த வழி பண்ணினாங்க. இதே விஷயத்துக்காக 2013-ல மராகேஷ்ல போட்ட உலக ஒப்பந்தத்துக்கு, 2014-ல முதல்ல ஒப்புதல் கொடுத்த நாடு இந்தியாதான். 2016 ஆகஸ்ட்ல மத்திய அரசோட 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகம் வந்துது. அமெரிக்காவுல 2002-லேருந்து நடக்கிற 'புக்‌ஷேர்' நூலகத்துல ஸ்கேன் பண்றது, புரூஃப் பார்க்கறது, சுருக்கம் எழுதறதுன்னு தன்னார்வலர்கள் நிறைய உழைச்சிருக்காங்க. எல்லாருக்குமான தமிழ் மின்னூல்னா 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம், அப்புறம் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். எல்லாமே யாரோ வீட்டு வேலைக்கு நடுவுல தட்டித் தட்டிச் சேர்த்ததுதான். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு விதி இருக்கும்; அதை முதல்ல கேட்டுக்கோ. நான் சொல்றது எல்லா இடத்துக்கும் பொது.

1. படிக்காம எழுதாதே

சிரிக்காதே, இதைத்தான் முதல்ல சொல்லணும். புரூஃப் பார்க்கிற புத்தகம்னா எப்படியும் முழுசா படிச்சாகணும். பக்கத்துல ஒரு நோட்டு வெச்சுக்கோ. அத்தியாயம் முடிஞ்சதும் மூணு குறிப்பு: யார் வந்தாங்க, எங்க நடக்குது, என்ன மாறிச்சு. அத்தியாயத்துக்கு ஒரு வரிக்கு மேல வேண்டாம். கடைசியில அந்த நோட்டே பாதிச் சுருக்கம். முன்னுரையை மட்டும் படிச்சுட்டு எழுதினா, முன்னுரை எழுதினவர் என்ன பாராட்டினாரோ அதைத்தான் நீயும் பாராட்டுவே.

2. முதல் வரியிலேயே என்ன சாமான்னு சொல்லு

மளிகைக் கடையில டப்பா மேல 'துவரம்பருப்பு'ன்னு எழுதாம 'சத்து நிறைந்தது'ன்னு மட்டும் எழுதினா எப்படி? நாவலா, சிறுகதையா, கட்டுரையா, நாடகமா, செய்யுளா? முதல் வாக்கியத்துல வந்துடணும். பழைய இலக்கியத்துக்கு இது ரொம்ப முக்கியம். 'தமிழ்விடு தூது'ன்னு தலைப்பை மட்டும் கேட்கிற காலேஜ் பிள்ளைக்கு என்ன புரியும்? இப்படி எழுதிப் பாரு:

"மதுரைச் சொக்கநாதரிடம் காதல் கொண்ட பெண் ஒருத்தி, தமிழையே தூதாக அனுப்புவதாக அமைந்த சிற்றிலக்கியம். 268 கண்ணிகள். ஆசிரியர் பெயர் தெரியவில்லை. 1930-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார்."

நாலே வாக்கியம். என்ன வகை, என்ன விஷயம், எவ்வளவு நீளம், யார் பதிப்புன்னு எல்லாம் வந்துடுச்சு. நாளைக்குப் பரீட்சைன்னு தேடுறவனுக்கும் போதும், ஆசைக்குப் படிக்கிறவளுக்கும் போதும்.

3. கதைன்னா: ஆள், இடம், காலம், சிக்கல்

நான் அசடு வழிஞ்சது 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்கு. அப்ப எழுதினதை வெட்கமில்லாம காட்டறேன்:

"தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் இந்த அற்புதப் படைப்பு, வாசகர்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் இலக்கியப் பொக்கிஷம். அனைவரும் அவசியம் படிக்க வேண்டிய நூல்."

இதுல புத்தகத்தோட பேரை எடுத்துட்டு வேற எந்தப் புத்தகத்தோட பேரைப் போட்டாலும் பொருந்தும், இல்லையா? அதுதான் சோதனை. எந்த வாக்கியம் எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்துதோ அதை அடிச்சுடு. அடிச்சா இதுல 'முதல் நாவல்'ங்கிற ரெண்டு வார்த்தைதான் மிஞ்சுது. அப்புறம் திருத்தினது இது:

"1879-இல் வெளிவந்த, தமிழின் முதல் நாவல். செல்வர் வீட்டுப் பிள்ளையான பிரதாப முதலியார் தன் கதையைத் தானே சொல்கிறார். விளையாட்டுத்தனமாக வளர்ந்த அவருக்கும், அறிவில் அவரை மிஞ்சிய ஞானாம்பாளுக்கும் திருமணம் ஆகிறது. பிறகு இருவரும் பிரிய நேர்கிறது. இடையிடையே கிளைக்கதைகளும் வேடிக்கைச் சம்பவங்களும் நீதி உரைகளும் நிறைய வருகின்றன. ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். பழைய உரைநடை; மெதுவாகப் படிக்க வேண்டியது."

கடைசி வாக்கியத்தைக் கவனி. அது குறை சொல்றது இல்லை. பஸ்ஸுல வேகமா ஓடவிட்டுக் கேட்கலாம்னு நினைக்கிறவருக்கு முன்கூட்டியே சொல்றோம். நடை எப்படி, எளிமையா, கொச்சையா, சமஸ்கிருதம் கலந்ததா, வட்டார வழக்கான்னு ஒரு வரி கண்டிப்பா எழுது. காதால கேட்கிறவருக்கு அது பெரிய உதவி.

4. முடிச்சை அவிழ்க்காதே

மேல எழுதினதுல 'பிரிய நேர்கிறது'ன்னு நிறுத்திட்டேன் பார். அதுக்கப்புறம் ஞானாம்பாள் என்ன பண்றா, எங்க போய் நிக்கறாங்கிறதுதான் அந்த நாவலோட ருசியே. உனக்குக்கூட இங்க சொல்ல மாட்டேன். கணக்கு ஒண்ணு சொல்றேன்: கதையில முதல் கால் பங்குக்குள்ள நடக்கிறதைத் தாராளமா சொல்லலாம். பாதிக்கு அப்புறம் நடக்கிறதுல கை வைக்காதே. நடுவுல இருக்கிறதுல, சொல்லாட்டி கதை எதைப் பத்தின்னே புரியாதுங்கிறதை மட்டும் எடு. யார் செத்தாங்க, கடைசியில யார் யாரைக் கட்டிக்கிட்டாங்க, கொலை பண்ணினது யார், இந்த மூணும் எப்பவும் கூடாது. 'முடிவில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது'ன்னும் எழுதாதே. அதுவே பாதி முடிச்சை அவிழ்த்தாப்பல.

5. கட்டுரை நூல்னா எல்லாத்தையும் சொல்லிடு

இங்க நிலைமை தலைகீழ். வரலாறு, மருத்துவம், சட்டம், சமையல்னா ஒளிக்க ஒண்ணும் இல்லை. எதைப் பத்தி, எந்தக் காலம் வரைக்கும், யாருக்காக எழுதினது, ஆசிரியர் கடைசியில என்ன சொல்ல வர்றார்? எல்லாத்தையும் போட்டு உடை. சமையல் புத்தகம்னா சைவமா அசைவமா, எந்த ஊர்ச் சமையல், அளவு ஆழாக்குல இருக்கா கிராம்லயா? படம் பார்த்துச் செய்யற மாதிரி எழுதியிருந்தா அதையும் சொல்லு. 'படத்தில் காட்டியபடி மடிக்கவும்'னு இருக்கிற புத்தகத்தைப் பார்வையில்லாதவர் இறக்கி வெச்சு என்ன பண்ணுவார்? கணக்குப் புத்தகம், மேப் நிறைய இருக்கிற புத்தகம் எல்லாத்துக்கும் இதே ஜாக்கிரதை. படங்களுக்கு விளக்கம் சேர்த்திருக்கோமா இல்லையான்னு ஒரு வரி போடு.

6. தொகுப்பு, பாகம், முடியாத நூல்

இந்த மூணுலதான் படிக்கிறவங்க ஏமாறுவாங்க. சிறுகதைத் தொகுப்புக்கு ஒவ்வொரு கதையையும் சுருக்க உட்காராதே. எத்தனை கதை, பொதுவா எதைச் சுத்தி, அதுல ரெண்டு கதையோட ஆரம்பம். புதுமைப்பித்தன் தொகுப்புன்னா, 'சென்னைத் தெருவுக்கு வந்த கடவுள், கந்தசாமிப் பிள்ளையிடம் வழி கேட்கும் கதையும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளின் கதையும் இதில் உள்ளன'ன்னா போதும். அவரோட கை எங்கேருந்து எங்க வரைக்கும் போகும்னு கேட்கிறவருக்குப் பிடிபட்டுடும்.

பாகம் பாகமா வர்ற நூல்னா எத்தனையில எத்தனையாவதுன்னு முதல் வரியிலயே. 'பொன்னியின் செல்வன்' அஞ்சு பாகம். வெறும் 'கொலை வாள்'னு போட்டு, அது மூணாவது பாகம்னு சொல்லாம விட்டா, அதையே முதல்ல இறக்கிட்டு 'யாரு இந்த வந்தியத்தேவன், எங்கேருந்து வந்தான்'னு ஒருத்தர் திண்டாடுவார்.

முடிவடையாத நூல்னா அதையும் சொல்லணும். உ.வே.சா.வோட 'என் சரித்திரம்' ஆனந்த விகடன்ல தொடரா வந்துட்டிருக்கும்போதே, 1942-ல அவர் காலமாயிட்டார். 122 அத்தியாயத்தோட நின்னுடுச்சு. இதைச் சொல்லாட்டி, கடைசி அத்தியாயம் கேட்டவர் 'ஃபைல் பாதியில அறுந்துடுச்சு, திரும்ப ஏத்துங்க'ன்னு நூலகத்துக்கு எழுதுவார். பழைய புத்தகத்துல பக்கம் கிழிஞ்சு போயிருந்தா, எத்தனாவது பக்கம் இல்லைன்னு மறைக்காம எழுது.

7. சின்னது ஒண்ணு, பெரிசு ஒண்ணு

சில இடத்துல ரெண்டு சுருக்கம் கேட்பாங்க. பட்டியல்ல ஓடற ஒண்ணு ரெண்டு வாக்கியம். புத்தகத்தோட பக்கத்தைத் திறந்தா வர்ற ஒரு பத்தி. பெரிசை முதல்ல எழுதிட்டு வெட்டிச் சின்னதாக்கலாம்னு தோணும். என் அனுபவத்துல அது சரிப்படல; வெட்டின இடத்துல காயம் தெரியும். பக்கத்து வீட்டு மாமி "என்னடி படிக்கிறே?"ன்னு கேட்டா மாடிப்படி ஏறிக்கிட்டே என்ன பதில் சொல்லுவியோ, அதுதான் சின்னது. அதை முதல்ல எழுது. பெரிசு தானா வரும். பெரிசுன்னாலும் நூறு வார்த்தைக்கு மேல போகாம பார்த்துக்கோ.

8. கண்ணை மூடிட்டு ஒரு தடவை கேளு

இதுதான் நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்டது. கம்ப்யூட்டர்ல, திரையில இருக்கிறதைப் படிச்சுக் காட்டற என்.வி.டி.ஏ.ன்னு ஒரு மென்பொருள் இலவசமா கிடைக்கும். ஆண்ட்ராய்டு போன்ல அதே வேலைக்கு 'டாக்பேக்' உள்ளேயே இருக்கு. ஆனா ஒண்ணு, டாக்பேக்கை ஆன் பண்ணினா ஒரு தட்டுக்குப் படிக்கும், ரெண்டு தட்டுக்குத்தான் திறக்கும். அது தெரியாம முதல் நாள் ஆஃப் பண்ண வழி தெரியாம அரை மணி நேரம் போனோட மல்லுக்கட்டினேன். நீ எழுதினதை அதுல ஓடவிட்டுக் கேளு. எங்க மூச்சு முட்டுதோ அங்க வாக்கியத்தை ரெண்டாக்கு.

நட்சத்திரம், கோடு, பூ, சிரிக்கிற பொம்மை எதுவும் வேண்டாம். நான் இப்ப உனக்கு எழுதற மாதிரி பேச்சுத் தமிழும் அங்க வேண்டாம். 'வந்துட்டிருக்கான்'ங்கிறதை மெஷின் கடிச்சுத் துப்பும். எளிமையான எழுத்துத் தமிழ்ல எழுது.

எழுத்துலயும் ஒரு கண்ணு இருக்கட்டும். 'ஔவையார்'ல இருக்கிற 'ஔ' ஒத்தை எழுத்து. 'ஒ'வையும் 'ள'வையும் பக்கத்துல பக்கத்துல தட்டினா கண்ணுக்கு அச்சு அசலா அப்படியேதான் தெரியும். மெஷினுக்கு அது 'ஒ-ள-வையார்'. படிக்கவும் தப்பாப் படிக்கும், தேடினாலும் கிடைக்காது. 'கௌரி', 'மௌனம்' எல்லாத்துக்கும் இதே கதி. துணைக்காலுக்கு ரகரம் விழுந்திருக்கான்னும் பாரு. ஸ்கேன் படத்தை மெஷினே எழுத்தா மாத்தினதுல (ஓசிஆர்னு சொல்வாங்க) இது மூட்டை மூட்டையா வரும். பழைய ஃபான்ட்ல அடிச்சது வெச்சிருந்தா யுனிகோடுக்கு மாத்தாம அனுப்பாதே. வாங்கினவங்க போன்ல வெறும் பூச்சி பூச்சியாத்தான் வரும்.

9. தேடுறவர் எந்தப் பேரைச் சொல்லித் தேடுவார்?

நம்ம ஊரையே எடுத்துக்கோ. பஸ் போர்டுல பூந்தமல்லி, பழைய புத்தகத்துல பூவிருந்தவல்லி. ஒண்ணைப் போட்டுத் தேடினா இன்னொண்ணு கிடைக்காது. மாயூரம், மாயவரம், மயிலாடுதுறை மூணும் ஒரே ஊர்தான். ரெண்டு பேரு இருந்தா ரெண்டையும் சுருக்கத்துல ஒரு தடவையாவது கொண்டு வந்துடு. ஆளுக்கும் அப்படியே: மு.வ.ன்னு மட்டும் போடாம மு. வரதராசன்னும் எழுது. புதுமைப்பித்தனுக்குச் சொந்தப் பேரு விருத்தாசலம், அதையும் சேர்த்துக்கோ.

பேரு ஒத்துமையில ஆள் மாறாட்டமும் நடக்கும். 'பிரதாப முதலியார்' எழுதின மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேற. 'பெத்லகேம் குறவஞ்சி' பாடின தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வேற. ரெண்டு பேரும் கிறிஸ்துவர், ரெண்டு பேரும் காவிரிக்கரைப் பக்கம். அவசரத்துல ஒருத்தர் தலையை இன்னொருத்தருக்கு வெச்சுடாதே.

10. பின்னட்டையைக் காப்பி அடிக்காதே

பின்னட்டையில இருக்கிறது பதிப்பாளரோடது. பழைய கதைக்குப் பதிப்புரிமை முடிஞ்சிருக்கலாம். நம்ம நாட்டுல எழுத்தாளர் காலமாகி 60 வருஷம்தான் கணக்கு. ஆனா புதுப் பதிப்புல போன வருஷம் யாரோ எழுதின பின்னட்டை வாசகத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதோட, அது விக்கறதுக்காக எழுதினது. நாம எதையும் விக்கல.

இப்பல்லாம் கம்ப்யூட்டரே சுருக்கம் எழுதித் தருதேன்னு கேட்பே. நானும் ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்த்தேன். கதையிலேயே இல்லாத ஒரு தம்பியைக் கூட்டிட்டு வந்து நிறுத்திச்சு. புத்தகத்தைப் படிக்காதவங்க அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எந்த உதவி வாங்கினாலும் ஒவ்வொரு வரியையும் நோட்டோட ஒத்துப் பார்த்துட்டு அனுப்பு.

11. நேரம் எங்கேருந்து வரும்?

எனக்கு ரயில்லேருந்து வருது. அம்பத்தூர்ல ஏறினா பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம். அதுக்குள்ள சின்னச் சுருக்கத்தைப் போன்லயே தட்டிடுவேன். பெரம்பூர் வர்றதுக்குள்ள தேவையில்லாத வார்த்தையை அடிச்சுடுவேன். திரும்பி வரும்போது இயர்போன்ல போட்டுக் கேட்பேன். கூட்டம் நெருக்கினா வெறும் கேட்கறது மட்டும்தான். ஒரே நாள்ல மூணு புத்தகம் முடிக்கணும்னு ஓடாதே. வாரத்துக்கு ஒண்ணு போதும்; அதுவே வருஷத்துக்கு அம்பது ஆச்சு.

எழுதி முடிச்சதும் இந்த அஞ்சை மட்டும் கேட்டுக்கோ. என்ன வகைன்னு முதல் வரியில இருக்கா? வேற புத்தகத்துக்குப் பொருந்தற வாக்கியம் ஏதாவது இருக்கா? முடிவு வெளியே தெரியுதா? பேரு, வருஷம் எல்லாம் புத்தகத்தோட முதல் பக்கத்தைப் பார்த்துச் சரி பண்ணினியா? காதால கேட்டியா?

அந்தப் பையனுக்குத் திருத்தின சுருக்கத்தை அனுப்பினேன்னு சொல்லலையே. கேட்டுட்டு, "எனக்கு வேண்டாம்க்கா, நீதி சொல்ற கதை எனக்கு ஒத்துக்காது"ன்னு பதில் போட்டான். எனக்கு ஒரு துளி வருத்தமில்லை. வேண்டாம்னு சொல்ற அளவுக்குப் புத்தகம் அவனுக்குத் தெரிஞ்சிருந்துது. சுருக்கம் வேலை செஞ்சுடுச்சு.

நாளைக்கு மத்தியானம் பாத்திரத்தைக் கவுத்து வெச்சதும், அலமாரியில நீ கடைசியா படிச்சு முடிச்ச புத்தகத்தை எடு. நாலு வரி எழுதி எனக்கு அனுப்பு. எழுத்துல வேண்டாம், போன் படிக்கிறதைப் பதிவு பண்ணி அனுப்பு. நானும் கண்ணை மூடிட்டுக் கேட்டுச் சொல்றேன்.